இரண்டாவது மாடியில் வாழும் அரிய இனம்

உயிரின அடையாள நிலையத்தில் காலக்காவுக்கு ஒரே வேலைதான். வண்டுகளின் காலைப் பிடுங்குவது.

கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் வண்டுகள் அவளிடம் வரும்போதே செத்துத்தான் வரும். ஆறு காலில் ஒன்று குறைந்ததைப் பற்றி இதுவரை எதுவும் முறையிட்டதில்லை. காடு, வயல், குளக்கரை என்று எங்கெங்கோ பிடித்தவை சாராயக் குப்பிகளில் மிதந்துகொண்டு இரண்டாவது மாடிக்கு வந்து சேரும். அவள் இடுக்கியால் ஒரு பின்னங்காலைக் கழற்றி, விரல் நுனியளவு குழாயில் போட்டு, கரைசலை விட்டு, சூட்டில் வைப்பாள். அதிலிருந்து வரும் டிஎன்ஏவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் இயந்திரம் எழுத்தெழுத்தாகப் படிக்கும். அந்தத் துண்டு இனத்துக்கு இனம் மாறும் என்பதால், சோப்பு உறையின் பின்னால் இருக்கும் கறுப்புக் கோடுகளை நினைத்து, அதற்குப் பார்கோடு என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வண்டுகள் வேறு வேறு இனமாக இருந்தால் இதில் பிடிபட்டுவிடும். எது எங்கே வாழ்கிறது என்று தெரிந்தால் அதைக் காப்பாற்றலாம். யோசனையில் ஒரு குறையும் இல்லை. அதற்கென்று ஒரு நிலையம் வைத்ததில்தான் கோளாறு.

காலக்கா என்பது சக ஊழியர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்ற பேச்சு வீட்டில் எழுந்து, நின்று, களைத்து, உட்கார்ந்து வெகுகாலமாகிவிட்டது. அம்மாவோடு இருந்தாள். போன மழைக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு சமையலறையில் ஒரு தட்டு மட்டும் ஈரமாக இருந்தது. தங்கை கடல் கடந்து இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி. உருளைக்கிழங்கு. டீ."

"அதேதானா?"

"அதேதான்."

அதற்குள் தங்கையின் பிள்ளைகளில் ஒன்று எதையாவது கீழே தள்ளிவிடும். "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்பாள். அப்புறம் என்பது அடுத்த ஞாயிறு.

மிச்ச ஆறு நாளும் காலக்கா வண்டுகளிடம் பேசினாள். முதலில் மனசுக்குள், பிறகு முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டே. வேலையின்போது மாஸ்க் கட்டாயம். ஆனால் வாயை மூடிக்கொண்டு பேசுவது எதிரில் இருப்பவருக்கு மரியாதையாகப் படவில்லை. அதனால் பேசும்போது மட்டும் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வாள். பேச்சு நீண்டுகொண்டே போனதில் மாஸ்க் பெரும்பாலும் தாடைக்குக் கீழேயே குடியிருந்தது.

இந்த நேரத்தில் நிலையத்துக்கு ஒரு பெரிய கட்டடம் கட்ட உத்தரவானது. பல்லுயிர்ப் பாதுகாப்பு மாளிகை என்று பெயர். நிலையத்தின் பின்னால், பழைய பேருந்துப் பணிமனையை ஒட்டி, பெருமரங்கள் அடர்ந்த தோப்பு ஒன்று இருந்தது. அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மாளிகையை எழுப்புவதாக ஏற்பாடு. ஆனால் மரம் வெட்டுமுன் அங்கே என்னென்ன வாழ்கிறது என்று ஆய்வு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஆய்வைச் செய்யும் அதிகாரம் இந்த நிலையத்துக்கு மட்டுமே இருந்தது.

"நம்ம இடத்தை நாமே ஆய்வு பண்றோம், நமக்கே அறிக்கை குடுக்கறோம். இதைவிட நேர்மையா ஒரு ஆய்வு இருக்க முடியாது" என்றார் இயக்குநர். இயக்குநர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர்கள் கவனத்தைச் சிதறடிக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

தோப்பிலிருந்து ஒரே ஒரு வண்டைக் கொண்டுவந்தார்கள். ஒன்றே போதும் என்று உத்தரவு. கரும்பச்சை நிறம், வெளிச்சத்தில் திருப்பினால் செம்பு போல மின்னியது. காலக்காவுக்கு அது பிடித்துப்போனது. அன்று அம்மாவின் நினைவுநாள். தங்கை மறந்துவிட்டாள், அல்லது அவளுடைய ஊரில் தேதி இன்னும் மாறவில்லை. காலக்கா மாஸ்க்கை இறக்கிவிட்டு, அம்மாவின் கடைசி வாரத்தை முழுக்க அந்தப் பச்சை வண்டுக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே காலைக் கழற்றினாள்.

முடிவு வந்தபோது நிலையம் அதிர்ந்தது. தரவுத்தளத்தில் இருந்த எந்த வண்டோடும் அது ஒத்துப்போகவில்லை. கிட்டக்கூட வரவில்லை.

"புது இனம்" என்றார் இயக்குநர். "புதுக் குடும்பமாகவே இருக்கலாம்."

விதிப்படி மறுபடி செய்து பார்த்தார்கள். அதே வண்டின் இன்னொரு கால், அதே மேசை, அதே காலக்கா. முதல் தடவை பாதியில் நின்ற கதையை இப்போது முடித்தாள். அதே முடிவு வந்தது. "உறுதியாகிவிட்டது" என்று எழுதினார்கள். வேறொரு நகரத்து ஆய்வகத்துக்கும் வண்டின் ஒரு காலையும் இங்கே கிடைத்த எழுத்துவரிசையையும் அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதை இயக்குநர் கூட்டத்தில் கண்ணை மூடியபடி தெரிவித்தார்.

"வண்டு வேற, நாம அனுப்பின எழுத்துவரிசை வேறன்னு சொல்றாங்க. வண்டு இதுவரை யாரும் பேர் வைக்காத இனமா இருக்கலாமாம். வரிசை மனுஷனோடதாம். ஒரே நேரத்துல ரெண்டையும் சொன்னா எதை நம்பறது? பொறாமைன்னு ஒண்ணு இருக்கு. அது விஞ்ஞானத்துலயும் இருக்கு."

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். காலக்கா மட்டும் ஆட்டவில்லை. அவளுக்கு வேறொரு குழாய் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டே போடாத ஒரு வெறும் குழாயையும் கூடவே வைப்பார்கள், எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க. அந்த வெறும் குழாயிலும் புது இனம் இருந்தது. இயக்குநரிடம் அதைச் சொன்னபோது, "பார்த்தீங்களா, எவ்வளவு நழுவற இனம். இல்லாத இடத்துல எல்லாம் இருக்கு" என்றார்.

அவள் தரவுத்தளக்காரரிடம் போனாள். ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த ஒல்லி மனிதர். சன்னலோரம் தனி அறை. அவர் வாய்விட்டுப் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. விதிகளை மட்டும் கேட்டால் சொல்வார்.

"சார், அந்தப் புது இனம் வண்டு இல்லை. நான்தான்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கன்னா?"

"என் எச்சில். பேசிக்கிட்டே வேலை பார்த்தேன். குழாய்ல விழுந்திருக்கு."

"யார்கிட்ட பேசினீங்க?"

அவள் எதிர்பாராத கேள்வி. "வண்டுகிட்ட."

அவர் கொஞ்சம் தட்டச்சு செய்தார். "நம்ம தரவுத்தளத்துல மனுஷன் கிடையாது. வண்டு நிலையத்துக்கு எதுக்கு மனுஷன்னு ஆரம்பத்துலயே எடுத்துட்டாங்க. எதோடவும் சேராதது வந்தா புது வண்டுன்னு பதியணும். அப்படித்தான் விதி."

"அப்ப அதை நீக்கிடுங்க சார்."

"ஒரு இனத்தை நீக்கணும்னா அது அழிஞ்சுபோச்சுன்னு காட்டணும். அரை நூற்றாண்டு யார் கண்ணுலயும் பட்டிருக்கக் கூடாது."

"நான் உங்க முன்னாடி நிக்கறேன்."

"அதான் சொல்றேன்" என்றார் அவர். "இன்னும் அழியலை."

அவள் திரும்பி நடந்தபோது அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு அது தெரியாது.

அறிவிப்பு விழா பெரிய அரங்கில் நடந்தது. அதற்குள் குழாயின் மிச்சத்தை வைத்து அந்த இனத்தின் உணவுப் பழக்கத்தையும் கண்டுபிடித்திருந்தார்கள். காலக்கா கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் மேடையில் கண்ணை மூடினார்.

"பெரியோர்களே, இந்த இனத்தின் வாழ்க்கையை எங்கள் அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். இது தேயிலையும் கோதுமையும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் மட்டுமே உண்கிறது. வேறு எதையும் உண்டதற்கு அடையாளம் இல்லை. இது கூட்டமாக வாழ்வதில்லை. துணை இருந்ததற்கான தடயம் இல்லை. தேடியதற்கான தடயமும் இல்லை. இது ஒலி எழுப்பக்கூடியது என்று நம்புகிறோம். ஆனால் அதற்குப் பதில் ஒலி எங்கும் பதிவாகவில்லை. இத்தனை காலம் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நாம் ஒருவரும் கவனிக்கவில்லை. அது நமக்குத் தலைகுனிவு. இனி இதைக் கண்ணின் மணி போலக் காப்போம்."

அரங்கம் கைதட்டியது. தட்டலோ தட்டல். காலக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நிருபர் ஒரு காகிதக் கைக்குட்டையை அவளிடம் நீட்டினாள்.

"வண்டுன்னா உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா மேடம்?"

"பழகிப்போச்சும்மா" என்றாள் காலக்கா.

நிருபர் எழுந்து கேட்டாள்: "அப்ப அந்த மரங்களை வெட்ட மாட்டீங்க, இல்லையா சார்?"

இயக்குநர் கண்ணைத் திறந்தார். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பக்கத்தில் இருந்தவருடைய தண்ணீரையும் எடுத்துக் குடித்தார். மறுநாளே இரண்டு கட்ட ஆய்வுக்கு உத்தரவு போட்டார்.

எந்த உயிரும் நடமாடிய இடத்தில் தன் சுவடை விட்டுப்போகும். இலையில், பட்டையில், ஈரத்தில் பஞ்சால் ஒற்றியெடுத்தால் அதன் டிஎன்ஏ கிடைக்கும். முதல் கட்டத்தில் தோப்பு முழுக்க ஒற்றினார்கள். ஒன்றும் இல்லை. காலக்கா தோப்புக்குள் காலடி வைத்ததே கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிலையத்துக்குள்ளும் ஒற்றினார்கள். இரண்டாவது மாடியில் அள்ள அள்ளக் கிடைத்தது. நாற்காலியின் கையில், மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியில், கதவுப்பிடியில், தொட்டியில் கழுவாமல் கிடந்த டீக் கோப்பையில்.

"எவ்வளவு புத்திசாலி இனம் பாருங்க" என்று நெகிழ்ந்தார் இயக்குநர். "எங்க பாதுகாப்பு கிடைக்கும்னு தெரிஞ்சு நம்மகிட்டயே வந்திருக்கு. அதுக்குத் தோப்பு வேண்டாம். நிலையம்தான் வேணும்."

காலக்காவின் அறை பாதுகாக்கப்பட்ட வாழிடம் ஆனது. கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். மனிதர்கள் நுழையத் தடை. அவளும் மனுஷி என்பதால் அவளுக்கும் தடை. அவள் மேசையை மாடிப்படி திரும்பும் இடத்தில் போட்டுக் கொடுத்தார்கள். ஏறுபவர்கள் வலது தோளில் இடித்தார்கள், இறங்குபவர்கள் இடது தோளில். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடி வழியே அவளுடைய காலி நாற்காலியையும், கழுவாத கோப்பையையும், நாற்காலி முதுகில் தொங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையையும் பார்த்தார்கள்.

"எங்க மிஸ் இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"சத்தம் போடாதே. வெட்கப்படும்" என்றாள் ஆசிரியை.

படிக்கட்டில் குளிர்ந்தது. அந்தக் கம்பளிச் சட்டையை மட்டும் எடுத்துத் தரும்படி கேட்டுப் பார்த்தாள். வாழிடத்திலிருந்து எதையும் அகற்றக்கூடாது என்றார்கள்.

தங்கையிடம் சொன்னாள்: "என் ரூமைக் காப்பாத்தறாங்க."

"நல்லதுதானேக்கா. சம்பளம் கூட்டுவாங்களா?" என்றாள் தங்கை. பிறகு அங்கே ஏதோ கீழே விழுந்தது.

தோப்பின் வேலியோரம் ரம்பங்கள் வந்து இறங்கின. இரண்டாம் கட்ட ஆய்வு முடிந்ததும் வேலை தொடங்கும் என்றார்கள். காலக்காவுக்கு அந்த வேறு ஊர் ஆய்வகத்தார் சொன்னது மனசில் முள்ளாகக் கிடந்தது. வண்டு புதிதாக இருக்கலாம். அதன் காலை இங்கே ஒருவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை, அவள் வாயால் கெட்டது. கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை செய்கிறேன் என்று இயக்குநரிடம் கெஞ்சினாள்.

"அந்த வண்டுக்குத்தான் பேர் வெச்சாச்சே" என்றார் அவர். "ஒண்ணுக்கு ரெண்டு பேர் வெச்சா குழப்பம்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகாமல் பணிமனையைச் சுற்றிக்கொண்டு தோப்புக்குள் நுழைந்தாள். வெயில் இன்னும் இருந்தது. மழை பெய்து காய்ந்த பட்டையின் வாசனை. விழுந்து உளுத்த ஒரு பெரிய அடிமரத்தில் பச்சை வண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை வருட வேலையில் ஆறு காலோடு நடக்கும் வண்டை அவள் பார்த்ததே இல்லை. முன்னே ஒன்று, நடுவே ஒன்று, பின்னே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் கழற்றி எடுக்கும் பின்னங்கால்தான் உடம்பை முன்னே தள்ளுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து, முதல் மரத்தில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள். கன்னத்தை வைத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, விரலை நக்கிப் பட்டையில் தடவினாள். அசிங்கமாகத்தான் இருந்தது. நிலையம் தேடுவது இதைத்தான் என்றால், இங்கே கிடைக்கட்டும். வாயைத் திறந்தாள். மரத்திடம் என்ன பேசுவது என்று முதலில் தெரியவில்லை. "எங்கம்மா உருளைக்கிழங்கை வேற மாதிரி செய்வாங்க" என்று ஆரம்பித்தாள். பிறகு தானாக வந்தது. தினமும் சாயங்காலம் போனாள். ஒரு மரத்தையும் விடவில்லை. வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்பது அந்த நாட்களில் வசதியாகவே இருந்தது.

இரண்டாம் கட்ட ஆய்வில் தோப்பு முழுக்க அந்த இனம் நிறைந்திருந்தது. அதோடு இன்னொன்றும் கிடைத்தது. சில மரங்களில் அதே இனம்தான், ஆனால் எழுத்துவரிசையில் ஓரிடத்தில் மட்டும் சின்ன வித்தியாசம். அதாவது வேறொரு உயிர்.

"துணை" என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. தோப்பைத் தொடக்கூடாது என்று தலைமைச் செயலகத்திலிருந்து கண்டிப்பான உத்தரவு வந்துவிட்டிருந்ததால், அடுத்த விழாவில் அவர் பேச்சும் மாறியிருந்தது. "இந்த மரங்களில் ஒரு கிளையைக்கூட வெட்டவிட மாட்டேன் என்று நான் முதல் நாளிலிருந்தே சொல்லிவருகிறேன். சொன்னது யாருக்கும் கேட்காததற்கு நான் என்ன செய்ய முடியும்?" பாதுகாப்பு மாளிகைக்கு வேறு இடம் தேடினார்கள். தோப்புக்கு அப்பால் ஒரு குளம் இருந்தது. மூடினால் நல்ல அகலம் என்றார்கள்.

காலக்காவுக்கு வேறு கவலை. அந்த இன்னொரு உயிர் யார்? ஆய்வுக்காரர்கள் கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் போக மாட்டார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் வேலியைத் தாண்டவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகங்களை எல்லாம் உற்றுப் பார்த்தாள். தங்கையிடம்கூடக் கேட்டாள்.

"யாரோ ஒருத்தர் இருக்காங்கடி. தினமும் நான் போற இடத்துக்கே வந்திருக்காங்க."

"பார்த்து இருந்துக்கோக்கா" என்றாள் தங்கை. அன்று மட்டும் அவள் போனைச் சீக்கிரம் வைக்கவில்லை.

தோப்பைச் சுற்றி உயரமான வேலி எழுந்தது. அரிய இனம் வாழுமிடம், மனிதர்கள் நுழையக் கூடாது என்று பலகை. ஒரு காவலாளி. மத்தியானம் ரொட்டியை எடுத்துக்கொண்டு போன காலக்கா வேலிக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"உள்ள போகக் கூடாதும்மா" என்றார் காவலாளி தாழ்ந்த குரலில். "ரெண்டே ரெண்டுதான் இருக்காம். ஆள் சத்தம் கேட்டா பயந்துக்குமாம்."

"சரிங்க" என்று அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, கையில் சாப்பாட்டு டப்பாவோடு, பள்ளிக்குத் தாமதமாக வந்து வாசல் மூடிக் கிடப்பதைப் பார்த்த பிள்ளை மாதிரி, தரவுத்தளக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அவள் கிட்டே போனாள். "நீங்களா சார்?"

அவர் மறுக்கவில்லை. "என் சன்னல்லேர்ந்து தோப்பு தெரியும். நீங்க மரத்தைத் தடவறதைப் பார்த்தேன்." டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒரே ஒரு உயிரோட சுவடு கிடைச்சா, வழிதவறி வந்ததுன்னு தள்ளிடலாம். ரெண்டு இருந்தாதான் அங்க வாழுதுன்னு அர்த்தம். விதி அப்படி. அதான் காலையில நான் போனேன்."

"போய் என்ன பண்ணீங்க?"

"நீங்க பண்ணினதைத்தான்."

"பேசினீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "பேச எனக்கு என்ன தெரியும்? விதிப்புத்தகத்தை எடுத்துட்டுப் போய் வாசிச்சேன். ரெண்டு அத்தியாயம் முடிஞ்சுது."

காலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா போன பிறகு மனுஷர் முன்னால் சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று பிறகுதான் உறைத்தது. காவலாளி உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார். இருவரும் வேலியோரமாகவே நின்று சாப்பிட்டார்கள். அவருடைய டப்பாவிலும் ரொட்டிதான் இருந்தது.

"அடுத்த வருஷ ஆய்வுல வேலிக்கு வெளியிலயும் பார்ப்பாங்க" என்றார் அவர், கடைசித் துண்டை மென்றபடி. "சுவடு கிடைச்சா வேலியை அதுவரைக்கும் நகர்த்தணும்."

"அது விதியா?"

"எட்டாவது அத்தியாயம்."

அவள் தூரத்தில் தெரிந்த குளத்தைப் பார்த்தாள். கரையில் மண் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன.

"அதுவரைக்கும்னா, அங்க வரைக்குமா?"

"போனா, போகலாம்."

இருவரும் டப்பாக்களை மூடிக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தார்கள். நடுவே இன்னும் இரண்டு பேர் போகலாம் போல இடைவெளி. வழியில் வந்த புதரை அவள் தொட்டாள், மைல்கல்லை அவர் தொட்டார்.

"ஏதாவது பேசுங்க சார்" என்றாள் காலக்கா.

"என்ன பேசறது?"

"எதுவா இருந்தாலும் சரி. வாயைத் திறந்தா போதும்."

அவர் நடந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.